மூன்று மதிப்பீடுகளும் ஓர் இடுப்பும்

மூன்று காகிதங்களையும் அக்காவின் வெட்டு மேஜைமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் இரும்பு எடையை வைத்தேன். திரைத்துணி வெட்டும்போது நகராமலிருக்க அக்கா வைக்கும் எடைகள் அவை. கைபட்டுக் கைபட்டு விளிம்பு மழுங்கி, ஆற்றுக் கற்களைப் போல ஆகியிருந்தன.

மூன்றும் மூன்று மருத்துவமனைகள் கொடுத்த மதிப்பீடுகள். மூன்றும் அக்காவின் இடது இடுப்பு மூட்டை மாற்றுவதற்கானவை. முதல் மருத்துவமனை கேட்டதைப் போல இரண்டாவது ஒன்றரை மடங்கு கேட்டிருந்தது. மூன்றாவது இரண்டரை மடங்கு.

"துணின்னா ரகம் வேற, விலை வேறன்னு சொல்லலாம்," என்றாள் அக்கா, உயரமான முக்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தபடி. "இது ஒரே இடுப்புடா. நான் பொறந்தப்பவே கூட வந்தது. இதுக்கு எப்படி மூணு விலை?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்."

"கண்டுபிடி, கண்டுபிடி. அதுக்குள்ள அந்தப் பக்கத்து இடுப்பும் போயிடும்."

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். முப்பத்தோரு வருடங்களாக இந்தத் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறாள். அவள் கணவர் இறந்த பிறகு, கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளை முதலாளி அவளுக்கே கொடுத்துவிட்டார். உயரமான ஜன்னலுக்கான துணியை உட்கார்ந்து வெட்ட முடியாது. கத்தரிக்கோலைத் துணியில் இறக்கிவிட்டால் மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துகொண்டே ஒரே ஓட்டத்தில் வெட்டி முடிக்கவேண்டும். நடுவில் நின்றால் விளிம்பில் பல் விழும். அக்கா வெட்டிய துணியில் பல் விழுந்து யாரும் பார்த்ததில்லை. கடந்த எட்டு மாதங்களாக அவளால் அந்த மேஜையின் நீளத்தை நடக்க முடியவில்லை. மெத்தை உறைகளும் தலையணை உறைகளும் தைத்துக்கொண்டிருந்தாள். இரவில் படுத்தால் இடுப்பு கொல்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

முதலாளி ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாலு மாசத்துல அந்த ஹோட்டல் வேலை வருதும்மா. நானூறு ஜன்னல். நின்னு வெட்ட ஆள் வேணும். நீ எழுந்து வந்தா நீதான். இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்தாகணும். தப்பா எடுத்துக்காதே." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். வேலை போனால் அந்த அறைகளும் போகும் என்பதை அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

ஆகவே நாங்கள் மருத்துவமனைகளுக்குப் போனோம். மூன்று இடங்களுக்கும் அக்காவை நான்தான் அழைத்துப் போனேன்.

முதலாவது கண்ணாடிக் கதவுகள் தானாகத் திறக்கும் கட்டடம். டாக்டர் திரையில் எக்ஸ்ரேயைப் பார்த்தார். அக்காவைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். "முன்னாடி அடி, ஆபரேஷன், தொற்று, ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள். நான்கே நிமிடங்களில் வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது பழைய, பெரிய இடம். அங்கே டாக்டர் படுக்கவைத்து, காலை மடக்கி, திருப்பிப் பார்த்தார். தொடையின் பக்கவாட்டில் ஒரு தழும்பைத் தொட்டு, "இது என்ன?" என்றார். "சின்ன வயசுல ஒரு கட்டி. கீறி விட்டாங்க," என்றாள் அக்கா. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

மூன்றாவது இடத்தில் ஒரு பெண் டாக்டர். அக்காவை நடைக்கூடத்தின் கோடிவரை நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். திரும்பி வரச் சொல்லி முன்னாலிருந்து பார்த்தார். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் என் வண்டி எண்ணைச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வழியை மறித்து நிறுத்தியிருந்தேன். ஓடிப்போய் எடுத்து, வேறு இடம் தேடி நிறுத்திவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது," என்றாள் அக்கா. வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை. வலி என்று நினைத்தேன்.

என் தொழிலைச் சொல்லவேண்டும். கட்டடம் கட்டும் நிறுவனம் ஒன்றில், ஒப்பந்தக்காரர்கள் அனுப்பும் விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. சட்டைப்பையில் எப்போதும் மடக்கு அளவுகோல் ஒன்று இருப்பதால் அலுவலகத்தில் எனக்கு அளவுகோல் என்றே பெயர். என் மனைவி இதைப்பற்றி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "இவரைத் தக்காளி வாங்க அனுப்பினா மூணு கடைல கொட்டேஷன் வாங்கிட்டு வருவார். தக்காளி மட்டும் வராது."

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை முதலில் பார்க்கவே கூடாது. மொத்தம் என்பது முகப்பூச்சு. ஒவ்வொரு பட்டியலையும் வரி வரியாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொல்லியிருக்கிறானா என்று பார்க்கவேண்டும். சொல்லாத இடத்தில் 'கேட்க' என்று எழுதவேண்டும். பிறகு கேட்கவேண்டும். எல்லாப் பட்டியலும் ஒரே வேலையைப் பேசும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இதற்குச் சமப்படுத்துவது என்று பெயர்.

அப்படித்தான் இடுப்பையும் சமப்படுத்தத் தொடங்கினேன்.

முதல் மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். அவர்களுடையது பேக்கேஜ், எல்லாம் சேர்த்து ஒரே தொகை.

"எல்லாம்னா மூட்டும் சேர்த்தா?"

"சேர்த்துதான் சார்."

"மூட்டு எந்தக் கம்பெனி?"

"நல்ல மூட்டு சார்."

"நல்ல மூட்டுன்னு ஒரு கம்பெனியா?"

அந்தப் பையன் சிரித்துவிட்டு யாரையோ கேட்டுவிட்டு வந்தான். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று நாள் படுக்கை மட்டும் சேர்த்தி. நான்காவது நாளிலிருந்து தனி. ரத்தம் ஏற்றினால் தனி. நடக்கப் பழக்குகிறவர் தனி. வாக்கர் தனி. அறுவை மருத்துவர் வெளியிலிருந்து வருகிறவர். பிறகு அவரைப் பார்க்கப் போனால் அந்தக் கட்டணமும் தனி.

இரண்டாவது மருத்துவமனையில் எல்லாமே வரி வரியாக இருந்தன, மூட்டைத் தவிர. மூட்டுக்கு நேரே 'தேர்வைப் பொறுத்து' என்று போட்டிருந்தார்கள். நான்கு வகை மூட்டுகள், நான்கு விலைகள். உலோகத்தோடு பிளாஸ்டிக் உரசுவது ஒரு விலை. பீங்கான் உரசுவது இன்னொரு விலை. அது புரிந்தது. கதவுக்குக் கீல் வாங்குவது போலத்தான். புரியாதது வேறு.

"தனி அறை எடுத்தா டாக்டர் கட்டணமும் ஏறும் சார்," என்றார் அங்கிருந்த அம்மா.

"ஏங்க? தனி அறைல படுத்தா இடுப்பு பெரிசாயிடுமா?"

"எல்லாக் கட்டணமும் அறையோட ஏறும் சார். விதி அப்படி."

"அப்ப பொது அறைல படுத்தவங்களுக்குக் கத்தி மழுங்கலா இருக்குமா?"

"சார், எனக்குப் பின்னால பதினோரு பேர் லைன்ல இருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வரிகளைக் கூட்டியும் கழித்தும் பார்த்ததில் ஓர் உண்மை தெரிந்தது. விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து, ஒரே வகை மூட்டையும் ஒரே வகை அறையையும் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு மருத்துவமனைகளுக்கும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லை. ஒன்று காசை முன்வாசலில் வாங்குகிறது. மற்றது கொல்லைப்புறத்தில் வாங்குகிறது. அவ்வளவுதான்.

மூன்றாவது மட்டும் சமப்படவில்லை. எவ்வளவு நெருக்கியும் பாதிக்குமேல் அதிகமாகவே நின்றது. காரணம் நான்கு வரிகள். அவற்றுக்கு மற்ற இரண்டு காகிதங்களிலும் இணையே இல்லை. மூட்டு நீர் எடுத்துப் பரிசோதனை, பழைய சீழ்த்தொற்று காரணமாக. மூட்டைப் பதிக்க, கிருமிக்கொல்லி மருந்து கலந்த சிமென்ட். குறுகிய தொடையெலும்புக்குள் இறக்கும் சிறப்பு அளவுத் தண்டும் இரண்டாவது அறுவை மருத்துவரும். கூடுதலாக நான்கு நாள் படுக்கை.

பழைய சீழ்த்தொற்று. அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குள் ஓர் உற்சாகம் வந்தது. வேறு யாருடைய வரியோ எங்கள் காகிதத்தில் கலந்துவிட்டது. என் தொழிலில் இதைவிட இனிப்பான கண்டுபிடிப்பு கிடையாது. வேறொரு கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டியை எங்கள் கணக்கில் எழுதி அனுப்பிய ஒப்பந்தக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு அந்தப் பெண் டாக்டரைத்தான் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். "அந்தம்மா என் காலைப் பார்க்கல, நான் நடக்கறதைப் பார்த்தாங்க," என்று ஒருமுறை சொன்னாள். ஆனால் அவளுடைய சேமிப்பு முதல் இரண்டு இடங்களுக்குத்தான் போதும். அந்த நான்கு வரிகளை அடித்துவிட்டால் அவளுக்குப் பிடித்த இடத்திலேயே செய்துகொள்ளலாம். முதல் மருத்துவமனை ஒரு தேதியைப் பிடித்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மதிப்பீட்டுக் கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே என் காகிதத்தை வாங்கினாள்.

"இந்த நாலு வரியும் எங்க அக்காவோடது இல்லம்மா. வேற யாரோடதோ."

அவள் திரையைப் பார்த்தாள். "நம்பர் சரியாத்தான் இருக்கு சார்."

"நம்பர் சரி. சீழ் சரியில்ல. எங்க அக்காவுக்கு அப்படி ஒண்ணு வந்ததே கிடையாது."

"நோயாளி கூறியதுன்னு போட்டிருக்கே சார்."

"நோயாளி என் அக்கா. எனக்குத் தெரியாம அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல. டாக்டர்கிட்ட வந்தப்ப நான் கூடவே இருந்தேன்."

சொல்லும்போது எனக்கு அந்த வண்டி விஷயம் ஞாபகத்துக்கு வரவேயில்லை. சத்தியமாக வரவில்லை.

"டாக்டர் இன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க. நான் டைப் பண்றவ சார், என்கிட்ட சண்டை போட்டு என்ன பிரயோஜனம்?"

"சண்டையே இல்லம்மா. அந்த நாலையும் எடுத்துட்டு ஒரு பிரதி கொடுங்க. டாக்டர் பார்க்கட்டும்."

அரை மணி நேரம் நின்றேன். எனக்கு நிற்கத் தெரியும். ஒப்பந்தக்காரர்கள் முன்னால் நின்றே பழகியவன். கடைசியில் அவள் தும்மிக்கொண்டே ஒரு புதிய காகிதத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். கீழே சிறிய எழுத்தில் இருந்தது: 'குடும்பத்தார் கூற்றுப்படி நான்கு இனங்கள் நீக்கம். மருத்துவர் கையெழுத்துக்குப் பின்னரே செல்லும்.' நாளைக் காலை டாக்டரைப் பார்க்கச் சொன்னாள்.

மாலையில் அந்தக் காகிதத்தை அக்காவின் மேஜையில் வைத்தபோது, பள்ளியில் பரிசு வாங்கிவந்த பையனைப் போல நின்றேன் என்று நினைக்கிறேன்.

அக்கா அதை இரண்டு கைகளாலும் நீவினாள். துணியாக இருந்தாலும் காகிதமாக இருந்தாலும் முதலில் நீவித்தான் பார்ப்பாள். "எப்படிடா இவ்வளவு குறைஞ்சுது?"

சொன்னேன். சீழையும் சிமென்டையும் சொன்னேன். "வேற எவரோட வியாதியையோ நம்ம தலைல கட்டப் பார்த்தாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். கவுன்டர் பெண் தும்மியதைத் தும்மிக் காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. காகிதத்தை மறுபடி நீவினாள். சுருக்கமே இல்லாத காகிதம். பிறகு ஓர் எடையை எடுத்து அதன்மேல் வைத்தாள். பிறகு இன்னொன்று.

"வேண்டாம்டா. முதல் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

"ஏன்? உனக்கு இந்தம்மாவைத்தானே பிடிச்சுது?"

"பிடிக்கறது என்ன பிடிக்கறது. கல்யாணமா பண்ணிக்கப் போறேன்? அங்கதான் தேதி இருக்கே. முடிச்சுக்கிட்டு வந்துடலாம்."

"இப்ப ரெண்டும் ஒரே விலைதான்க்கா. இங்க நல்லாப் பார்ப்பாங்க."

"சொன்னா கேளு. அந்த டாக்டர்கிட்ட நான் மறுபடி போகல."

ஒரு சுவர் நேராகத்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்கு ஏதோ இடிக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும், ஒரு விரல் சாய்ந்திருப்பது. அக்காவின் குரல் அப்படி இருந்தது.

அப்போது எனக்கு வேறு ஓர் இடம் ஞாபகத்துக்கு வந்தது. பத்து வருடங்களுக்கு முன் ஒரு மனையில் கிடங்கு கட்ட மூன்று பேர் விலை கொடுத்தார்கள். இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே விலை. மூன்றாவது ஆள் அஸ்திவாரத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு கேட்டார். பேராசைக்காரர் என்று நான்தான் அவர் காகிதத்தை முதலில் ஒதுக்கினேன். கட்டி முடித்த இரண்டாவது மழைக்கு வடக்கு மூலை இறங்கியது. அங்கே தூர்த்து மூடிய பழைய கிணறு ஒன்று இருந்திருக்கிறது. முதல் இரண்டு பேரும் வரைபடத்தைப் பார்த்து விலை போட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் போய்க் குழி தோண்டிப் பார்த்திருக்கிறார்.

சட்டைப்பையிலிருந்த அளவுகோலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா. மூணு பேரும் ஒரே இடுப்பைத்தான் பார்த்தாங்களா?"

அவள் ஓர் எடையை நகர்த்தி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நான் வண்டியை எடுக்கப் போனேனே, அப்ப அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

கடையின் முன்பக்கத்தில் யாரோ தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"உண்மையைச் சொன்னேன்," என்றாள். "சொல்லிட்டு, ஏண்டா சொன்னோம்னு ஆயிடுச்சு. விலை ஏறினதைப் பார்த்ததும் நீ தோண்ட ஆரம்பிப்பேன்னு தெரியும். உன் புத்தி எனக்குத் தெரியாதா?"

"சொல்லுக்கா."

"உனக்கு ஆறு வயசு. சித்தி வீட்டுல போய் இருந்தியே, அஞ்சு மாசம். ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் எப்படி? என் வாழ்க்கையின் மிக நீண்ட விடுமுறை அது. சித்தி வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. மூன்று சக்கர வண்டி இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை. ஏன் அனுப்பினார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. குழந்தைகள் வெயிலுக்குக் காரணம் கேட்பதில்லை.

"அதுக்கு முன்னாடி ஒருநாள் உன்னை முதுகுல தூக்கிக்கிட்டு மாடிப்படில இறங்கினேன். தினமும் தூக்கறதுதான். நீ நடக்க மாட்டே, ராஜா மாதிரி முதுகுலதான் வருவே. அன்னிக்கு நீ பின்னாலேர்ந்து என் கண்ணைப் பொத்தின."

நான் என் கைகளைப் பார்த்தேன்.

"விளையாட்டுக்குடா. யாருன்னு சொல்லுன்னு கேட்டே. முதுகுல ஏறிக்கிட்டு யாருன்னு சொல்லுன்னு கேக்கறே, பைத்தியம். எனக்கும் சிரிப்பு. காலை வெச்சா படி இல்ல. நீ என்மேலதான் விழுந்தே. ஒரு கீறல்கூட இல்ல உனக்கு. சிரிச்சுக்கிட்டே இருந்தே."

அடி பெரிதாகத் தெரியவில்லையாம். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். இடுப்புக்குள் சீழ். இரண்டு தடவை கீறி எடுத்தார்கள். ஐந்து மாதம் மாவுக்கட்டு. அம்மா என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அக்காவிடம் ஒன்று சொன்னாளாம். குழந்தை மனசுல இது ஆணி மாதிரி இறங்கிடும். அவனுக்குத் தெரியவே வேண்டாம். அக்காவுக்கு அப்போது வயது பதினொன்று.

"அதனால சொல்லல. அப்புறம் சொல்றதுக்குத் தோணல. கால் சேர்ந்துடுச்சு, நடந்தேன், வேலைக்குப் போனேன். இதுல சொல்ல என்ன இருக்கு?"

"கால் சரியாத்தான் சேர்ந்துதா?"

 அக்கா எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் உடையின் கீழ்மடிப்பைக் காட்டினாள். இடது பக்கத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாக மடித்துத் தைத்திருந்தது. இடது செருப்பின் உள்ளே ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது. பின்னறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய உடைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே ஒரு விரல். நாற்பத்தேழு வருடங்களாகத் தன் துணிகளையெல்லாம் கோணலாகத் தைத்து, தான் நேராக நிற்பதாகக் காட்டியிருக்கிறாள். ஊரிலுள்ள சுவர்களையெல்லாம் அளந்தவன் இதைப் பார்க்கவில்லை.

என்னால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

"அழாதே," என்றாள் அக்கா. "இதுக்குத்தான் சொல்லல."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"பழைய கிருமி எலும்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கலாமாம். இல்லாமலும் போகலாமாம். தெரியாம உள்ள இரும்பை வெச்சுத் தைச்சா, அது முழிச்சுக்கிட்டா, வெச்சதை எல்லாம் வெளியே எடுக்கணுமாம். அப்புறம் மறுபடி நிக்கறது நிச்சயம் இல்லையாம்."

"இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் முதல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சொன்னியா?"

"என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்டா. உன்கிட்ட கேட்டா ஏன்னு கேப்பே. ஏன்னு கேட்டா சொல்லணும்." அவள் முக்காலியில் மறுபடி மெதுவாக உட்கார்ந்தாள். "தூங்கறது தூங்கிக்கிட்டே இருந்துடும்னு நினைச்சேன். நானும் அதுவும் இவ்வளவு நாள் ஒண்ணாத்தானே இருந்தோம்."

கிணற்று மனையில் இறங்கிய வடக்கு மூலையை நான் நேரில் போய்ப் பார்த்தவன். விரிசலுக்குள் கை நுழைந்தது.

"மீதி என்னோடது," என்றேன். "இதுல பேரம் பேசாதே."

"வீட்டுக் கூரையை மாத்தணும்னு உன் பொண்டாட்டி..."

"கூரை ஒழுகட்டும். அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் காலையில் டாக்டர் என்னை நிறுத்தி வைத்தே புதிய காகிதத்தைப் படித்தார். குடும்பத்தார் கூற்று என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது நீங்களா?"

"நான்தான். எனக்குத் தெரியாம இருந்தது டாக்டர். நேத்துதான் சொன்னா."

அவர் திட்டவில்லை. "முதல்ல ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துப் பார்ப்போம். சுத்தமா இருந்தா அந்த நாலுல ரெண்டு வரியை நானே அடிச்சுடுவேன். இல்லேன்னா ஒரு ஆபரேஷன் இல்ல, ரெண்டு. அப்ப நாலு மாசக் கணக்கெல்லாம் பார்க்க முடியாது. நானூறு ஜன்னல்னு அவங்க சொன்னாங்க." காகிதத்தை என்னிடம் நீட்டினார். "கவுன்டர்ல எழுதிக் கொடுத்து வரிகளைச் சேர்த்துட்டு வாங்க. கையெழுத்து போடறேன்."

கவுன்டர் பெண்ணுக்கு ஜலதோஷம் முற்றியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"இன்னும் எதைக் குறைக்கணும் சார்?"

"குறைக்க வேண்டாம். நேத்து எடுத்த நாலையும் திரும்பப் போடுங்க."

அவள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். "சார், இந்தக் கவுன்டர்ல நான் ஆறு வருஷமா உட்கார்ந்திருக்கேன். விலையை ஏத்துங்கன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

ஒரு படிவத்தை நீட்டினாள். முன்பு கொடுத்த கூற்றை மாற்றுவதற்கான படிவம். பழைய காயம் எப்படி ஏற்பட்டது, சுருக்கமாக, என்று ஒரு கட்டம். அலுவலகத்தில் இப்படிப்பட்ட கட்டங்களை ஆயிரம் முறை நிரப்பியிருக்கிறேன். மண் இளகல். அளவு மாற்றம். எதிர்பாராத மழை. ஒருமுறைகூட நான் என்ற சொல்லை அதில் எழுதியதில்லை. பேனாவை எடுத்து எழுதினேன்: 'அவள் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியபோது நான் அவள் கண்களைப் பொத்தினேன். அவள் விழுந்தாள். அப்போது எனக்கு வயது ஆறு.'

கவுன்டர் பெண் அதைப் படித்தாள். டைப் செய்யத் தொடங்கினாள். நடுவில் கேட்டாள். "தேதி வேணும் சார். உத்தேசமா இருந்தாலும் போதும்."

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு ஃபோன் செய்தேன். எடுத்ததும் பின்னால் தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"அக்கா, எந்த வருஷம், எந்த மாசம்னு கேக்கறாங்க."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வருடத்தைச் சொன்னாள். "அக்டோபர். ரெண்டாவது செவ்வாய்க்கிழமை. சாயந்திரம். உனக்கு முன்பல் ஒண்ணு விழுந்திருந்தது." நான் சொல்லச் சொல்லக் கவுன்டர் பெண் டைப் செய்தாள், பல்லைத் தவிர.

"என்னடா எழுதியிருக்கே அதுல? எப்படி விழுந்தேன்னு?"

படித்துக் காட்டினேன். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"அது சரியில்ல," என்றாள் அக்கா. "அன்னிக்கு மழை பெஞ்சு விட்டிருந்தது. படி ஈரமா இருந்தது. அதையும் எழுதச் சொல்லு. படி ஈரமா இருந்துச்சுன்னு."

அவள் குரல் ஃபோனைத் தாண்டிக் கேட்டிருக்கவேண்டும். கவுன்டர் பெண்ணின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சேர்க்கவா சார்?"

"சேருங்க," என்றேன். "நோயாளி கூறியதுன்னு போடுங்க."